ஆறாட்டு நாளின் பிளாங்க்

சென்ற மாதம் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். புது எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்திருக்கிறது, ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்கள். போனேன். திரையில் விமானக் கரியின் படம் ஒன்று இருந்தது. பொத்தானை அழுத்தியதும் கணினியே ஒவ்வொரு மணியையும் வட்டமிட்டு, அளந்து, எண்ணிப் பட்டியல் போட்டது. முப்பத்தொரு வருடம் கண் எரிய எரிய நான் செய்த வேலையை, நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் அது முடித்துவிட்டது. இப்போது அங்கே வேலை பார்க்கும் அனுபமா என்ற பெண் கேட்டாள்: "சாரே, நீங்க இதெல்லாம் கையாலயா எண்ணினீங்க? போரடிக்காதா?"

"போரடிக்க எங்க நேரம் இருந்துச்சு மோளே? பயப்படவே நேரம் பத்தல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆண்டு மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று அவள் கேட்டுக்கொண்டதால், அந்தப் பயத்தைத்தான் எழுதப் போகிறேன். சாதனைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. எங்கள் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரம் வலியசாலையில் குடியேறியது. பெயர் தாணுமாலயன், எல்லாருக்கும் தாணு. பி.எஸ்சி. முடித்து டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாள், பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு தூண், உள்ளே இரண்டு லட்சம் வோல்ட், தூணுக்குள் காற்றே கிடையாது, பக்கத்துக் குடுவையில் விரலைக் கருக்கிவிடும் குளிரில் திரவ நைட்ரஜன். வீட்டில் ஃபியூஸ் போனால்கூட நான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறவன். முதல் இரண்டு வருடம் எதைத் தொடக் கூடாது என்று கற்றுக்கொள்வதிலேயே போயிற்று.

இயந்திரத்தைவிட நான் அதிகம் பயந்தது ரேச்சல் மேடத்துக்கு. எங்கள் பிரிவின் தலைமை விஞ்ஞானி. கோட்டயம் பக்கத்துக்காரர், என்னோடு பேசும்போது மட்டும் மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி. குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். எந்த ஆய்வின் படங்களை எடுத்துக்கொண்டு போனாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"தாணு, ஆத்யம் பிளாங்க் காணட்டே."

முதலில் பிளாங்கைப் பார்க்கிறேன் என்று அர்த்தம். பிளாங்க் என்றால் வெறுமையானது. புகைக் கரியைப் பிடிக்க நாங்கள் வைப்பது செம்பாலான ஒரு சின்ன வலை. சட்டைப் பொத்தானின் ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடு. ஒரு பம்ப் காற்றை இழுத்து அந்த வலைமேல் ஊதும், கரி அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஊரில் கரி எங்கேதான் இல்லை? அடுப்பு, பஸ், குப்பைத் தீ எல்லாவற்றிலும் உண்டு. அதனால் நாம் தேடுகிற புகை இல்லாத நேரத்தில், அதே இடத்தில், அதே பம்பில் இன்னொரு வலை பிடிக்க வேண்டும். அதுதான் பிளாங்க். மொத்தத்தில் இருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நாம் தேடியது. பிளாங்க் கெட்டுப்போனால் மேலே எழுதுவதெல்லாம் பொய்.

மேடத்தின் கண் எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சேர்ந்த நாலாம் வருடம், ஒரு கரித்துகளின் படம் மிக அழகாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டு அதன்மேல் கற்றையை நிறுத்தி வைத்துக் குவியத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன். எலக்ட்ரான் கற்றை அதிக நேரம் பட்டால் கரியின் உள்ளமைப்பே மாறிவிடும். முறை என்னவென்றால், பக்கத்துத் துகளில் குவியத்தைச் சரிசெய்துகொண்டு, வேண்டியதற்கு நகர்ந்து, சட்டென்று படமெடுத்து விலகிவிட வேண்டும். மேடம் படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இன்னும் துடைத்தார். "தாணு, இது இன்ஜின் உண்டாக்கிய கரி அல்ல. நீ உண்டாக்கியது" என்றார். அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

இனி அந்த ஒரு விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்த சமயம் அது.

விமானக் கரியின் அமைப்பையும் வேதியியலையும் ஆராயும் திட்டம் ஒன்று எங்களிடம் வந்தது. விமான இன்ஜினில் எரிவது ஒருவகை மண்ணெண்ணெய்தான். முழுக்க எரியாமல் மிஞ்சுவது கரி. நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டிக்கொண்டு, அறுந்த பாசிமணிச் சரம் போலக் கிடக்கும். இன்னும் பெரிதாக்கினால் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஏடு ஏடாக, வெங்காயம் மாதிரி, ஒன்றன்மேல் ஒன்று வளைந்து மூடியிருக்கும். இன்ஜின் முழு வேகத்தில் உறுமும்போது வருகிற கரியில் ஏடுகள் ஒழுங்காக இருக்கும். தரையில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது வருவதில் ஏடுகள் கலைந்து, மேலே எரியாத எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். நெஞ்சுக்கு ஆகாதவை அந்தப் பிசுக்கில் அதிகம். சிலவற்றில் எரிபொருளின் கந்தகமும், மசகெண்ணெயின் பாஸ்பரஸும் லேசாகத் தெரியும். மணிகள் மிகமிகச் சிறியவை என்பதால் மூக்கில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும்.

அப்படிக் கரி போய்ச் சேர்ந்த ஒரு நெஞ்சை எனக்குத் தெரியும். அது சாம்சனுடையது.

சாம்சனுக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். விமான நிலையத்தில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். விமானம் வந்து நின்றதும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பான், பெட்டி இறக்குவான், கிளம்பும்போது கட்டையை எடுப்பான். பன்னிரண்டு வருடம் இன்ஜின்களின் பக்கத்திலேயே நின்றவன். நாற்பது வயதுக்குள் வறட்டு இருமல் வந்து மூச்சு முட்ட ஆரம்பித்தது. இனி புகைப் பக்கம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கட்டடத்துக்குள்ளே வேலை கேட்டான். விமானப் புகையால் வந்தது என்றால் உள்ளே மாற்றுகிறோம், இல்லையென்றால் உடம்புக்கு ஆகாத ஆள் என்று அனுப்பிவிடுவோம் என்றது கம்பெனி. தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். கமிட்டி எங்கள் ஆய்வறிக்கைக்காகக் காத்திருந்தது.

அதுவரை இலேசான வேலை என்று வாரத்தில் ஒருநாள் அவனை எங்களோடு அனுப்பினார்கள். பம்புக்கான பாட்டரியைத் தூக்கி வருவான். நல்ல கனம். முதல் மாதம் ஒரே கையில் தூக்கிக்கொண்டு என் முன்னால் நடந்தான்.

"சாரே, உங்க மெஷின் எனக்க நெஞ்சுக்குள்ளயும் பாக்குமா?" என்று ஒருநாள் கேட்டான்.

"நெஞ்சைப் பாக்காது. நீ நிக்கிற காத்தைப் பாக்கும்."

"அது போதும் சாரே. மனுசன் கள்ளம் சொல்லுவான், மெஷின் சொல்லாதுல்லா."

விமானம் வந்துபோகிற நாட்களில் வலைகள் பிடித்தாயிற்று. பிளாங்குக்குத்தான் வழியில்லை. விமானங்கள் நின்றுபோகிற நேரம் என்று ஒன்று எந்த நாளிலும் இல்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் ஒரு வசதி உண்டு. பத்மநாபசுவாமி கோயிலில் சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் ஆறாட்டு ஊர்வலம் வருடத்துக்கு இரண்டு முறை ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடலுக்குப் போகும், அந்த வழியாகவே திரும்பும். அந்தச் சில மணி நேரம் ஒரு விமானமும் இறங்காது, ஏறாது. மேடத்துக்கு இந்த யோசனை வந்ததும் குழந்தை மாதிரிச் சந்தோஷப்பட்டார். "நம்முடைய பிளாங்கை பகவான் கொண்டு வருந்நு" என்றார்.

எங்களுக்கு அனுமதி கிடைத்திருந்த இடம், ஊர்வலம் கடக்கும் வழிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கம்பம். எல்லா நாளும் அங்கேதான் கருவி. இடத்தை மாற்றினால் ஒப்பிட முடியாது. மேடம் எனக்குக் கொடுத்த உத்தரவு தெளிவானது. கருவியை விட்டு நகரக் கூடாது. பக்கத்தில் எங்கேயாவது புகை எழுந்தால் உடனே பம்பை நிறுத்த வேண்டும். நிறுத்திய நேரத்தையும் மறுபடி போட்ட நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஆறாட்டு அன்று சாம்சனுக்கு விடுமுறை. நான் தனியாகத்தான் இருந்தேன். மாலையில் ஊர்வலம் கடலுக்குப் போனபோது ஒன்றும் ஆகவில்லை. இருட்டிக்கொண்டு வரும்போது திரும்பியது. கொட்டுச் சத்தம் கேட்டது. கடல்காற்றில் தீவட்டிகள் ஆடிக்கொண்டு வந்தன. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். சுவாமி எதிரே வந்தால் ஆண்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்ப வேண்டும். அப்பா செய்தார், நானும் ஆறு வயது முதல் செய்து வருகிறேன். கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போய்விட்டது. நாலடி எடுத்து வைத்தால் நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. நாலடி நாற்பதடி ஆகியிருக்கும். கண்ணில் நீர் வழியக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தபோது தீவட்டிக்காரர்கள் சிலர் என் கம்பத்துக்கு அருகிலேயே நின்று தீவட்டிகளுக்கு எண்ணெய் வார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று அவர்களிடமிருந்து கருவியை நோக்கி அடித்தது. கறுப்புப் புகை திரண்டு கம்பத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, தலைமுறை தலைமுறையாக நடக்கிற காரியம். அங்கே இருக்க வேண்டிய நான்தான் அங்கே இல்லை. ஓடிப்போய் நிறுத்தினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடமாவது ஆகியிருக்கும். இதை எழுதினால் பிளாங்க் செல்லாது. அடுத்த ஆறாட்டுக்கு ஆறு மாதம் இருக்கிறது. எங்கே போயிருந்தாய் என்று மேடம் கேட்பார். சட்டையில்லாமல் நின்றுகொண்டு அதை யோசித்தேன். பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

மறுவாரம் அந்த வலையை நுண்ணோக்கியில் ஏற்றினேன். வலை நிறையக் கரி. மணிகள் பெருத்து, கொத்துக் கொத்தாகக் கிடந்தன. விமானக் கரி அப்படி இருக்காது. சேர்ந்த புதிதில் பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேன். ஆனால் எண்ணுவதற்கான படம் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் எடுப்போம், அதில் எல்லாக் கரியும் ஒரே கறுப்புப் புள்ளிதான். அந்தப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன்.

"ப்ளைட் இல்லாத்த நேரத்து இத்ர கரியோ?" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பக்கத்துல எங்கயாவது தீ எரிஞ்சதோ, தாணு?"

"இல்ல மேடம்."

"ஷூரா?"

"ஷூர் மேடம். பதிவேட்டுல இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. என்னை நம்பினார். கழற்றியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். சுற்றிலும் குடியிருப்பு, கடற்கரையில் குப்பை எரிக்கிறார்கள், இருக்கலாம் என்று அவரே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். கழித்துப் பார்த்தபோது விமானத்தின் பங்கு என்று மிஞ்சியது கொஞ்சம்தான். வரைவு அறிக்கை கமிட்டிக்குப் போயிற்று.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் கெட்டது. தொலைபேசி அடித்தால் திடுக்கிடும். மேடத்தின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டால் கை வேர்க்கும். மாட்டிக்கொள்வோம் என்ற பயம்தான் அது. சாம்சனைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை. இதை எழுதவே கூசுகிறது.

இரண்டு வாரம் கழித்துச் சாம்சன் ஆய்வுக்கூடத்துக்கே வந்தான். கையில் ஒரு கடிதம் இருந்தது. வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கமிட்டியின் கடைசிக் கூட்டம் பத்து நாளில் நடக்கப் போகிறது. அவன் முகத்தில் கோபம் இருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"சாரே, பிளேன் ஓடாத்த நேரத்துலயும் காத்து அப்படித்தான் இருக்குன்னு உங்க மெஷின் சொல்லிச்சாம். அப்பம் பீடி குடிச்சு வந்ததுதான்னு அவிய சொல்லுதாவ."

"நீ பீடி குடிப்பியா?"

"தொட்டதே இல்ல சாரே. எங்க சபையில கேட்டாத் தெரியும்." கடிதத்தை நாலாக மடித்தான். "ஆனா மெஷின் கள்ளம் சொல்லாதுல்லா. சின்னதுல அப்பன் பீடி குடிச்சப்பம் பக்கத்துல இருந்தது இப்பம் பிடிச்சிருக்குமோ, என்னவோ."

இதுவரை பட்ட பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தான் செய்யாத ஒரு குற்றத்தை அவன் தன் செத்துப்போன அப்பனிடம் தேடிக்கொண்டிருந்தான், நான் எழுதிய ஒரு சொல்லை நம்பி.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் பழைய வேட்டியைக் கிழித்துக் குச்சியில் சுற்றினேன். எண்ணெயில் தோய்த்துப் பின்கட்டில் நின்று கொளுத்தினேன். ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு வலையை இடுக்கியில் பிடித்துப் புகையில் காட்டினேன். என் மனைவி பகவதி புகையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன செய்யிய? வீட்டுக்குள்ள தீவட்டியா? கிறுக்கு பிடிச்சுப்போச்சா?"

அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சஸ்பெண்ட் செய்வார்கள், பென்ஷன் போகும், தெருவில் தலைகாட்ட முடியாது என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்தப் பையன் போன பொறவு இதெல்லாம் இருந்து நீங்க என்ன செய்யப் போறிய?"

மறுநாள் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். என் வேட்டிக் கரியின் மணிகளும் ஆறாட்டு நாள் கரியின் மணிகளும் ஒரே பருமன். உள்ளே ஏடுகள் ஒரே விதமாகக் கலைந்திருந்தன. என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்ரே சோதனையும் செய்து பார்த்தேன். இரண்டிலும் பொட்டாசியம், பருத்தித் துணியின் சாம்பலில் இருந்து வருவது. விமானக் கரியின் மணிகள் இவற்றில் பாதிகூட இல்லை, பொட்டாசியமும் இல்லை. மூன்று படங்களையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஆத்யம் பிளாங்க் காணட்டே" என்றார், வழக்கம்போல.

மூன்றையும் மேசைமேல் வைத்தேன். எது எது என்று சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி முதல் படத்தை எடுத்தார்.

"பம்ப் எப்போ நிறுத்தினது?"

"நிறுத்தல மேடம். புகை வந்து இருபது நிமிஷம் கழிச்சுத்தான் பார்த்தேன்."

"நீ எவிடெ இருந்நு?"

"கும்பிட்டுக்கிட்டு நின்னேன்."

கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. அப்படியே கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. அவர் துடைக்க மாட்டாரா என்று ஏங்கிப்போய் நின்றேன்.

கடைசியில் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, மேலே எழுதக் கூடாது. பிந்திய குறிப்பு என்று சிவப்பு மையில் எழுதி, எழுதுகிற நாளின் தேதியைப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். சிவப்புப் பேனாவை என் பக்கம் தள்ளினார். 'தீவட்டிப் புகை. சுமார் இருபது நிமிடம். பம்ப் ஓடியது. நான் கருவியின் அருகில் இல்லை. முன்பு எழுதியது பொய்.' கடைசிச் சொல்லில் பேனா கிழித்துவிட்டது. அவர் பதிவேட்டைத் திருப்பி, என் கையெழுத்துக்குக் கீழே தானும் எழுதினார்: 'உயர் உருப்பெருக்கப் படத்தைக் கேட்காமல் இந்த பிளாங்கை நான் ஏற்றுக்கொண்டேன்.'

"மேடம், நீங்க எதுக்கு..."

"நான் கேட்டிருக்கணும், தாணு. கேட்டில்ல." பிறகு சொன்னார்: "கமிட்டியில் நான் பறயில்ல. நீ பறயணும்."

கமிட்டி அறையில் நாலு பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள், சுவரோரம் சாம்சன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். சொன்னேன். கம்பெனிக்காரர் சிரித்தார். "அப்போ உங்க லேப் எழுதறதை நாங்க எப்படி நம்பறது?" என்றார். அதற்கு மேடம் எழுந்து, "அதுக்காகத்தான் இவர் வந்து நிற்கிறார்" என்றார். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆறாட்டில் புது பிளாங்க் பிடித்த பிறகுதான் முடிவு என்றார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. நான் பயந்த அளவுக்கு வேறொன்றும் வரவில்லை.

சாம்சன் வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "பெரிய உபகாரம் சாரே" என்றான். முடிவு வரும்வரை அவனை நீக்கவும் மாட்டோம், இடம் மாற்றவும் மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது அவனுக்கும் தெரியும். ஆறு மாதம் அவன் அதே இன்ஜின்களின் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். அதற்குத்தான் எனக்கு நன்றி சொன்னான்.

அந்த ஆறு மாதத்தை நான் நாள்காட்டியில் கிழித்ததுபோல வேறு எதையும் கிழித்ததில்லை. வாரம் ஒருநாள் அவன் பாட்டரி தூக்கி வருவான். இரண்டாம் மாதத்தில் இரண்டு கையால் தூக்கினான். நாலாம் மாதத்தில் பாதி வழியில் ஒருமுறை இறக்கி வைத்தான். ஐந்தாம் மாதத்தில் நான் தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். "சார் வயசானவரு" என்று கேலி செய்தான். கேலி முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் அது கக்குகிற மணிகள் எந்தப் பருமன், மேலே எவ்வளவு பிசுக்கு என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அடுத்த ஆறாட்டும் வந்தது. இந்த முறை சாம்சனும் வந்திருந்தான். கருவியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கட்டைவிரலைப் பம்பின் சுவிட்சில் வைத்து உட்கார்ந்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கம்பத்தில் ஒரு நூல் கட்டியிருந்தேன். இருட்டும் நேரம், கொட்டுச் சத்தம் நெருங்கியது.

"சாரே, சாமி வருது. நீங்க போய்க் கும்பிட்டுட்டு வாங்க, நான் நிறுத்துகேன்" என்றான் சாம்சன்.

"நீ தொடாத. தொட்டா நாளைக்கு அதையே சொல்லி உன்னத் தள்ளிருவாங்க."

"அப்பம் திரும்பியாவது பாருங்க."

நூலைவிட்டுக் கண்ணை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தீவட்டி வெளிச்சம் என் கைமேல் விழுந்ததும் பம்பை நிறுத்தினேன், வலையின் வாயை மூடினேன், நேரத்தை எழுதினேன். ஊர்வலம் முழுக்க என் முதுகுக்குப் பின்னால்தான் போயிற்று. பின்னால் பார்க்காவிட்டாலும் தெரிந்தது, சாம்சன் எனக்காகக் கைகூப்பிக்கொண்டு நின்றான். புகை முழுக்கக் கலைந்த பிறகுதான் மறுபடி பம்பைப் போட்டேன்.

அந்த வலையை நுண்ணோக்கியில் பார்த்தபோது சதுரம் சதுரமாக வெளிச்சம், அங்கங்கே ஒன்றிரண்டு கரி. அந்த வெறுமையைப் பார்த்து நான் அழுதேன். கழித்தபோது மிஞ்சியது, விமானம் ஓடுகிற நாளின் கரியில் பெரும்பங்கு விமானத்தினுடையது என்பது. கமிட்டி ஒரே கூட்டத்தில் முடித்தது. சாம்சனுக்குக் கட்டடத்துக்குள்ளே, பெட்டிகள் வருகிற கூடத்தில் வேலை கிடைத்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

நான் ஓய்வுபெற்ற நாளில் இரண்டாவது மாடியில் தேநீர் விருந்து. அன்று பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. சாம்சன் கீழே வந்துவிட்டான் என்றதும் நானும் ரேச்சல் மேடமும் படிக்கட்டின் உச்சியில் போய் நின்றோம். காலடிச் சத்தம் கேட்டது. ஏழு படி ஏறி நின்றது. மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. மறுபடி ஐந்து படி, மறுபடி நின்றது. நான் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆறு மாதம் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை படி ஏறியிருப்பான்? மருத்துவரிடம் இதை நான் தனியாகப் போய்க் கேட்டிருக்கிறேன். யாராலும் சொல்ல முடியாது என்றார்.

நான் எதை எண்ணுகிறேன் என்று மேடத்துக்குப் புரிந்திருக்க வேண்டும். தாழ்ந்த குரலில் சொன்னார்: "எண்ண வேண்டா, தாணு. அதுக்கு பிளாங்க் இல்ல."

சாம்சன் கடைசிப் படியை ஏறி வந்து, கையிலிருந்த நேந்திரம்பழச் சீப்பை என்னிடம் நீட்டினான். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சாரே இது? படி ஏறினது நானாக்கும். உங்களுக்கு எதுக்கு இப்படி வேர்க்குது?"